எள்ளினுள் உறையும் காவல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எள், நெய் என்னும் இருசொற்களும் புணர்ந்தே எண்ணெய் என்றாயின. ஆதியில் எள்ளின் நெய்யையே குறித்த அச்சொல், பின்னர்த் தேங்காய், கடலை, ஆமணக்கு முதலிய யாவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. தன் பெயரைப் பிறவற்றிற்கு ஈந்த மூலப்பொருளை நம் முன்னோர் நல்லெண்ணெய் எனச் சிறப்பித்தனர். அவ்வடைமொழி வெறும் புகழ்ச்சியோ, பொருளுடையதோ என்பதே இன்று யான் ஆராயப் புகுவது.

எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயாகும். அவ்வெண்ணெயின் கொழுப்பமிலங்களுள் ஒலீயிக், லினோலீயிக் என்பன ஒவ்வொன்றும் நூற்றுக்கு 40 பங்கு அளவில் உள்ளன. எஞ்சியவற்றுட் பெரும்பாலன பால்மிடிக், ஸ்டீரிக் என்பன. இவற்றுள் லினோலீயிக் அமிலம் பிராணவாயுவோடு எளிதிற் கூடும் இயல்பினது. கூடுங்கால் எண்ணெயிற் சிக்கு நாற்றம் தோன்றும். இக்கணக்கின்படி நல்லெண்ணெய் விரைவிற் கெடுதல் வேண்டும். ஆயினும் அது நெடுநாள் நிற்கின்றது. காரணம் யாது?

இயற்கை அதனுள்ளேயே காவலரை வைத்துள்ளது. காமா டோகோபெரால் என்னும் ஈ வைட்டமின் வகை ஒன்று. செசாமின், செசாமோலின் என்னும் பொருள்களும் உடனுள்ளன. எள்ளை வறுக்குங்கால் செசாமோலின் சிதைந்து செசாமால் பிறக்கின்றது. அது தன்பாலுள்ள ஹைட்ரஜனை ஈந்து, கெடுதலின் தொடர்ச்சியை அறுக்கின்றது. ஜப்பானிலும் சீனத்திலும் எள்ளை வறுத்துப் பிழியும் கருஞ்செந்நிற எண்ணெய் நெடுநாள் கெடாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

செசாமால் மற்றுமொரு தொண்டும் புரிகின்றது. நல்லெண்ணெயோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்பியூராலும் சேர்த்துக் குலுக்கின் செந்நிறம் தோன்றும். வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கேனும் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென இந்திய அரசாங்கத்தார் விதித்தது இதுபற்றியே. நெய்யில் வனஸ்பதியைக் கலப்போரை அந்நிறம் காட்டிக்கொடுக்கும்.

அன்பர்களே! அச்செந்நிறம் எள் உண்டென்று மாத்திரம் கூறும். பிறிதோர் எண்ணெய் கலக்கவில்லையென்று கூறாது. ஆதலின் நல்லெண்ணெய் வாங்குவோர் ஒரு கணக்கை மறவற்க. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டு கிலோ எள் வேண்டும். எள்ளின் விலை அறிந்தவர், அதற்கு ஒவ்வாத மலிவு விலையைக் கண்டு மயங்கார்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உள்ளிருக்கும் காவலரும் ஓய்வர். வெயிலும் வெளிச்சமும் காற்றும் படாவண்ணம் எண்ணெயை மூடிவையுங்கள். பலகாரம் சுட்டு எஞ்சிய எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். நல்லதாயினும் அளவு வேண்டும். எவ்வெண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரியே தரும். அது சர்வரோக நிவாரணியும் அன்று.

அடைமொழி பொருளுடையதே. அப்பொருளைக் காத்தல் நம் கடன்.