சாரமும் பயிற்சியும்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லுங்கால், இருமருங்கும் அடுக்குமாடிகள் எழுவதைக் காண்பீர்கள். அவ்வாறே போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் எழுந்துகொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை பெய்யும் வேளையில் சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தோர் அவர்களுள் பலர். இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தனர்.

கட்டட அமைப்பின் பிழையைக் கூலியாள் திருத்த இயலாது, மெய்தான். ஆயினும் அவர் அறிந்து காக்கத்தக்கவையும் உள. சாதாரண சிமெண்டாயின், 4.5 மீட்டர் வரை நீண்ட கான்கிரீட் தளத்துக்கு 7 நாளும், அதனினும் நீண்டதற்கு 14 நாளும் அடிமுட்டு நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. முட்டைப் பிரிப்பவருக்கு இதனைக் கற்பித்தவர் யார்? கொத்தனார் கண்டு கற்றவர்; அவரைக் கண்டு கற்பவர் அடுத்தவர். சித்தாள் பெண்களோ கலவை சுமந்தே முதுமை எய்துகின்றனர். கரணை அவர்கள் கைக்கு வருவது அரிது. பயிற்சி பெறாத ஆசிரியரை வகுப்பினுள் விடத் தயங்கும் நாம், பயிற்சி பெறாதவரைச் சாரத்தில் ஏற்றத் தயங்குவதில்லை. எனக்கு இது உறுத்துகிறது.

உங்களுள் பொறியியல் பயில்வோர், நாளை உங்கள் பொறுப்பில் தளம் போடும் அன்றே, முட்டு எடுக்கும் நாளை அங்குள்ள தூணில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதிவையுங்கள். எழுத்தறியாதவருக்கு அருகில் சென்று வாயால் சொல்லுங்கள்.