மறைத்து வைத்த தேமல்

(திருவண்ணாமலையில் ஆதரவாளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தியின் சுருக்கம்)



திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தொழுநோயைப்பற்றி அதிகம் விளக்கவேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தட்டோடு உட்கார்ந்திருந்த அந்த ஜனங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் பலர். நோய்தான் அவர்கள் விரல்களைத் தின்றுவிட்டது என்று எண்ணியிருப்பீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியில் ஊழியத்தைத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட், காரியம் அப்படியல்ல என்று கண்டார். நரம்பு மரத்துப்போகிறது. அடுப்புச் சூடு தெரிகிறதில்லை, ஆணி குத்தினது தெரிகிறதில்லை. வலி இல்லாததால் புண்பட்ட கையாலேயே மறுநாளும் வேலை. விரல் போவது இப்படித்தான்.

ஆரம்பமோ ஒரு சிறு தேமல். வலிக்காது, அரிக்காது, சட்டைக்குள் மறைத்துவிடலாம். மறைத்தவர்களை நான் குறைசொல்லமாட்டேன். வேலை போய்விடும், வீட்டில் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம். 2019-ல் சட்டம் திருத்தப்படும் வரை இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்துகூடக் கேட்கலாம் என்றிருந்ததே!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொழுநோய் பாவத்தின் தண்டனை அல்ல. அது ஒரு கிருமி. 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். வார்டில் படுத்திருப்பவரிடம் போய் கேயாசியின் கதையைச் சொல்லாதிருங்கள். அந்தக் கதை நமக்குத்தான்.

2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தை வாசியுங்கள். எலிசா காணிக்கை வேண்டாம் என்று அனுப்பிவிட்ட நாகமானுக்குப் பின்னாலே கேயாசி ஓடுகிறான். தனக்கென்று கேட்டானா? இல்லை. எப்பிராயீம் மலையிலிருந்து வந்த இரண்டு வாலிபருக்கு என்று கேட்டான். தர்மத்தின் பேரில் கேட்டான், பிரியமானவர்களே! அவன் கேட்டது ஒரு தாலந்து, கிடைத்தது இரண்டு. வீட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல எஜமானுக்கு முன்பாக வந்து நின்றான். காணிக்கையை எண்ணுகிறவர்களும், உங்கள் நன்கொடையை வாங்கிச் செலவிடுகிற எங்களைப் போன்றவர்களும் இந்த இடத்தை வேகமாக வாசித்துக் கடந்துபோகக்கூடாது.

அவன் அப்படி நிற்க முடிந்ததுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. மனச்சாட்சியில் மரத்துப்போன ஒரு தேமல். நமக்கும் அறிமுகமில்லாத ஊரில் லாட்ஜ் அறை உண்டு, கதவடைத்தபின் கைபேசி உண்டு, யாரும் கேட்காத கணக்கு உண்டு. முதல் தடவை உறுத்துகிறது. பத்தாம் தடவை தூக்கம் நன்றாகவே வருகிறது. யோசேப்போ, உறுத்தல் உயிரோடிருக்கும்போதே வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து 1980-களில் வந்தது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிடவேண்டும். அன்றாட மாத்திரையை வீட்டிலே தாமே போட்டுக்கொள்ளலாம். மாதத்தின் முதல் வேளை மருந்தை மட்டும் சுகாதாரப் பணியாளருக்கு முன்பாக விழுங்கவேண்டும் என்பது முறை. மாதம் ஒருமுறையாவது ஒருவர் பார்க்கிறார். யாக்கோபு தம் நிருபத்தில், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொன்னதை இதனோடே சேர்த்து யோசித்துப் பாருங்கள். சாட்சி நேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்லவேண்டியதில்லை. அதனால் நன்மையைவிட வம்புதான் அதிகம். வாய் காக்கிற, ஜெபிக்கிற ஒரே ஒருவர் போதும். மாதம் ஒருமுறை அவர் உங்களைப் பார்த்து, "இந்த மாதம் எப்படி?" என்று கேட்கட்டும். எடுத்தது பணமானால், திருப்பிக் கொடுக்கும் தேதியையும் அவரிடமே சொல்லிவையுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மருந்து இலவசம்.