சஸ்பென்ஷனுக்கு என்ன கலர்? மேல்பட்டாம்பாக்கத்து ஹெரால்டு சொன்ன பதில்

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஒரு பழைய காரோட சஸ்பென்ஷனுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு நானும் அப்பாவும் மூணு வாரம் சண்டை போட்ட கதை. கார் பிடிக்காதவங்களும் கேளுங்க. எனக்குக் கிடைச்ச பாடம் கோட் எழுதுறவங்களுக்கும் பொருந்தும்.

கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966 மாடல். இங்கிலாந்தோட ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இங்க அந்தப் பேர்ல வந்துச்சு. 1961-ல இருந்து 1971 வரைக்கும் சென்னையில தயாரிச்சாங்க. எங்க தாத்தா வாங்கின வண்டி. மேல்பட்டாம்பாக்கத்துல வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில இருபது வருஷமா நின்னுச்சு. 2024 டிசம்பர் தொடக்கத்துல, ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில வெள்ளம் வந்தப்ப, கொட்டகைக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. தண்ணி வடிஞ்சதும்தான், இனிமே விட்டா இந்த வண்டி இரும்புக் கடைக்குத்தான் போகும்னு புரிஞ்சது.

சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில இருக்கறது, அதுக்கு எதுக்கு கலர்னு கேக்கலாம். ஹெரால்டுல ஒரு விஷயம். பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டா முன்பக்கமா சாயும். திறந்தா விஷ்போன், ஸ்பிரிங், ஸ்டியரிங் எல்லாம் அப்படியே கண் முன்னாடி. அதனால என் பிளான் ரெடி: காயில் ஸ்பிரிங் ரெண்டும் சிவப்பு, விஷ்போனுக்கு பளபள பவுடர் கோட்டிங், பின்னாடி குறுக்கா போற லீஃப் ஸ்பிரிங்குக்கு குரோம். அப்பாவோட பிளான் ஒரே வார்த்தை: கறுப்பு. "கம்பெனியில அப்படித்தான்டா வந்துச்சு."

எங்க ரெண்டு பேரையும் நிறுத்தினது ஊர் மெக்கானிக் அண்ணன்தான். "தம்பி, கலரு எங்கயும் ஓடிப்போவாது. மொதல்ல பழைய பெயிண்ட்ட சுரண்டுங்க"ன்னார். சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ஒவ்வொரு பார்ட்டையும் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில ஊறவச்சோம். காலையில துணியால நல்லா துடைச்சு, சாக்பீஸ் பொடியை மேல தூவிட்டு காத்திருந்தார். இரும்புல விரிசல் இருந்தா, உள்ள போன மண்ணெண்ணெய் மெதுவா கசிஞ்சு வெள்ளைப் பொடியில ஈரக் கோடா தெரியும். பல தலைமுறையா பட்டறைகள்ல இருக்கற சோதனை.

விஷ்போன் ஓகே. வலது பக்கம் ஓகே. இடது பக்க வெர்டிகல் லிங்க்ல, மரை ஆரம்பிக்கற இடத்துல, தலைமுடி மாதிரி ஒரு கோடு.

அது என்ன பார்ட்னா, முன் சக்கரத்தையே தாங்குற இரும்புத் தண்டு. அதோட கீழ் முனையில மரை இருக்கும். அது ட்ரனியன்ங்கற வெண்கலக் கட்டைக்குள்ள திருகி நிக்கும். நீங்க ஸ்டியரிங் திருப்புறப்ப எல்லாம் அந்த மரைதான் சுத்துது. அதுக்குள்ள தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் விடணும். கிரீஸ் அடிச்சா அடி மரை வரைக்கும் போய்ச் சேராது. தண்ணி உள்ள இறங்கும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்துல தண்டு முறியும், சக்கரம் மடங்கும். உலகம் முழுக்க ட்ரையம்ஃப் வச்சிருக்கறவங்க பயப்படுற விஷயம் இது.

அந்தக் கோட்டுக்கு மேல மூணு கோட் கறுப்பு பெயிண்ட் இருந்துச்சு. பளிச்சுனு, அழகா. அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இதுலதான்டா உன்னை மடியில வச்சுக்கிட்டு சில்வர் பீச்சுக்குப் போவேன்"னார். விரிசல் அப்பவே இருந்துச்சா, யாருக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் எங்க கேள்வியே மாறிடுச்சு. எந்தக் கலர் அழகா இருக்கும்ங்கறது போய், எந்தக் கலர் பிரச்சனையை சீக்கிரம் காட்டிக் கொடுக்கும்னு யோசிச்சோம்.

கறுப்புல விரிசல் தெரியாது, எண்ணெய்க் கசிவும் தெரியாது. நான் ஆசைப்பட்ட சிவப்பு? துருவுக்கு சொந்தக்காரன். துரு வந்தாலும் அதுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். வெளிர் சாம்பல்ல துரு கிளம்பினா பழுப்புக் கண்ணீர் மாதிரி வழியும், விரிசல் கறுப்புக் கோடா தெரியும். அதனால விஷ்போன், புது வெர்டிகல் லிங்க், காயில் ஸ்பிரிங் எல்லாத்துக்கும் சிங்க் பாஸ்பேட் பிரைமர், மேல மெல்லிசா வெளிர் சாம்பல்.

பவுடர் கோட்டிங் மோசம்னு சொல்லல. ஆனா அது பொதுவா பெயிண்டை விட தடிமன். போல்ட் போட்டு இறுக்குற முகத்துல அது இருந்தா, நாளாக ஆக நசுங்கி போல்ட் தளரும். சுமார் 180, 200 டிகிரியில வேகவைக்கணும், அதனால ரப்பர் புஷ் எல்லாத்தையும் முன்னாடியே கழட்டணும். கல் பட்டு ஒரு இடம் பெயர்ந்துச்சுன்னா, நம்ம கடலூர் உப்புக்காத்து அந்த வழியா நுழைஞ்சு உள்ளுக்குள்ளயே துரு ஓடும். வெளிய தோல் மட்டும் முழுசா இருக்கும். எரரை ட்ரை-கேட்ச் போட்டு முழுங்கிட்டு, 'எல்லாம் நல்லா ஓடுது'ன்னு காட்டுற கோட் மாதிரி.

குரோம் விஷயத்துல நான் தப்பிச்சேன். முலாம் பூசுறதுக்கு முன்னாடி ஆசிட்ல முக்குவாங்க. அப்பவும், மின்சாரம் விட்டு முலாம் ஏத்துறப்பவும் ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துடும். சாதாரண இரும்பு தாங்கும். ஸ்பிரிங் மாதிரி கடினமாக்கின எஃகு நொறுங்குற பதத்துக்கு வந்துடும். பூசின கையோட பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேத்தணும். அலங்காரத்துக்கு பூசுற இடத்துல அதை செய்வாங்கங்கறதுக்கு உத்தரவாதம் இல்ல. செய்யலைன்னா, எந்த எச்சரிக்கையும் இல்லாம ஒருநாள் பட்டுனு உடையும். ஸ்பிரிங்குக்கு குரோம் வேண்டவே வேண்டாம் மக்களே.

லீஃப் ஸ்பிரிங்குக்கு மட்டும் அப்பா ஜெயிச்சார். அங்க பட்டையும் பட்டையும் உரசும், நடுவுல எந்தக் கோட்டிங்கும் நிக்காது. அதனால வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசா கறுப்பு.

போன மாசம் நெல்லிக்குப்பம் வரைக்கும் ஓட்டினோம். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னாடி இருபது கிலோமீட்டர் வேகத்துல. திரும்பி வந்ததும் அப்பா பானெட்டை சாய்ச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தார். சாம்பல்ல சேறு மட்டும்தான். இப்ப ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் இது அவரோட வழக்கம். அந்த விரிசல் விட்ட பழைய தண்டு சென்னையில என் லேப்டாப் பக்கத்துல இருக்கு.

உங்க வீட்டுலயும் தாத்தாவோட பத்மினியோ அம்பாசடரோ நின்னா, கலர் கார்டு பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மண்ணெண்ணெய், ஒரு டப்பா சாக்பீஸ் பொடி. நெருப்பு பக்கத்துல வேணாம். சந்தேகம் வந்தா பட்டறையில முறையான டை டெஸ்ட் எடுத்துடுங்க. பெயிண்ட் அதுக்கப்புறம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க.