கருவை வைக்கிறது சரி, கஷ்டத்தை யார் தலையில் வைக்கிறது?

(முக்கூடலில் கறவை மாடு வளர்ப்போர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)

  

காரும் பிசானமும் கைவிட்ட வருசத்துல நம்ம வீட்டு அடுப்பை எரிய வைத்தது எது? தொழுவத்தில் நிற்கிற ஒரு மாடு, ரெண்டு மாடுதான். அந்த மாட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

ஆய்வகத்தில் கருவை உண்டாக்கி மாட்டின் வயிற்றில் வைக்கும் முறை பரவி வருகிறது. அது என்ன? நன்றாகக் கறக்கிற உயர்ந்த மாட்டின் முட்டைப் பையிலிருந்து, ஸ்கேன் பார்த்து ஊசியால் கருமுட்டைகளை எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு நாள் வைத்து முற்ற வைக்கிறார்கள். பொலிகாளை விந்தோடு சேர்த்து ஒரு வாரம் வளர்க்கிறார்கள். பிறகு, பருவம் கண்டு ஏழாம் நாளில் இருக்கிற வேறொரு மாட்டின் கருப்பையில் வைக்கிறார்கள். அந்த மாடு வாடகைத் தாய். சுமப்பதும் ஈனுவதும் அது. கன்றின் சாதியும் குணமும் முட்டை கொடுத்த மாட்டுடையது, விந்து கொடுத்த காளையுடையது.

ஆயுசுக்கும் எட்டு பத்து கன்று போடுகிற மாட்டிடமிருந்து இப்படி ஒரே வருசத்தில் பல கன்று எடுக்கலாம். நல்ல விஷயம்தான். நாங்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் இல்லை. 1990லேயே கர்நால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த முறையில் 'பிரதம்' என்ற எருமைக்கன்று பிறந்தது. நம்ம நாட்டு விஞ்ஞானிகள் சாதித்த சாதனை அது.

நட்டம் யாருக்கு?

பத்து மாட்டுக்குக் கரு வைத்தால் பெரும்பாலும் மூன்று நாலுதான் தங்குகிறது. மீதி மாடு? மறுபடி பருவம் வர 21 நாள் காத்திருக்கணும். அந்த 21 நாளும் புண்ணாக்கும் தவிடும் யார் போடுவா? ஐம்பது மாடு வைத்திருக்கிற பண்ணைக்காரர் தாங்குவார். ஒத்தை மாட்டுக்காரன் தாங்குவானா?

ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டம் 2014 டிசம்பரில் தொடங்கியது. 2021ல் அதைத் திருத்தியபோது, இந்த முறையில் உறுதியான சினை ஒன்றுக்கு 5,000 ரூபாய் மானியம் என்றார்கள். சினைக்குத்தான் மானியம், தங்காமல் போன நாளுக்குக் கணக்கே இல்லை. 2025 மார்ச்சில், இப்படிப் பிறந்த உயர்ரகக் கிடேரி வாங்குகிற கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை சேர்த்தார்கள். சலுகை வட்டிக்குத்தான், கிடேரி சினை பிடிக்காவிட்டாலும் தவணை நிற்காது என்பதை மறந்துடாதீங்க.

அதோடு, 15 லிட்டர் கறக்கிற வம்சம் வெறும் வைக்கோலைத் தின்னு 15 லிட்டர் கறக்காது. பசுந்தீவனமும் தாது உப்பும் வேணும். நம்ம நெல்லைச் சீமை வெயிலில், கலப்பு மாட்டுக்கு நாட்டு மாட்டை விட மூச்சிரைப்பும் அதிகம், சினை தங்காத தொல்லையும் அதிகம்.

எந்த மாட்டைப் பெருக்குவது?

நம்ம நாட்டு ஓங்கோலும் கிர்ரும் கப்பலேறி பிரேசிலுக்குப் போயின. அங்கே அவற்றைப் போற்றிப் பெருக்கினார்கள். இன்றைக்கு ஆய்வகக் கரு அதிகம் உண்டாக்கும் நாடுகளின் முன்வரிசையில் பிரேசில் நிற்கிறது. இங்கேயோ 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் கலப்பின மாடு பெருகியது, நாட்டு மாடு குறைந்தது.

காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலம்பாடி எல்லாம் நம்ம தமிழ்நாட்டு வம்சங்கள். அவை குடம் குடமாகக் கறக்காது, உண்மைதான். ஆனா வெயில் தாங்கும், உழவு தாங்கும். அழிகிற வம்சத்தைக் காப்பாற்றவும் இதே ஆய்வகம் உதவும். அரசு நினைத்தால் நடக்கும்.

நம் கோரிக்கைகள்

1. நம்ம மாடு சினை தங்கிய பிறகே பணம் வாங்க வேண்டும். தங்காவிட்டால் காத்திருந்த நாட்களுக்குத் தீவன உதவி தர வேண்டும்.
2. வைத்த கரு எந்த மாட்டுடையது, எந்தக் காளையுடையது என்று எழுத்தில் தர வேண்டும்.
3. பிறக்கிற கன்று மாட்டுக்காரருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் காப்பீடு வேண்டும்.
4. தமிழ்நாட்டு வம்சங்களுக்கும் இத்திட்டத்தில் பங்கு வேண்டும்.
5. எல்லாவற்றுக்கும் முன்னால், மாடு பருவத்துக்குக் கத்துகிற அன்றைக்கே சினை ஊசி போட கிராமத்துக்கு ஆள் வர வேண்டும். பருவம் கண்டு 12 மணி நேரத்தில் போட வேண்டிய ஊசியை மறுநாள் சாயங்காலம் போட்டால் எந்த விஞ்ஞானமும் பலிக்காது.

விவசாயிகளே! விவரம் கேட்காமல் எந்தத் தாளிலும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீங்க. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு வீட்டுக்கு ஒருவர் மனுவோடு வாருங்கள். ஒத்தையாகப் போனால் "பார்க்கலாம்" என்பார்கள். ஊராகப் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

லாபம் என்றால் பண்ணைக்கு, நட்டம் என்றால் நமக்கா?
ஒன்றுபடுவோம்! உரிமையை வென்றெடுப்போம்!