‘இல்லை’ என்றது யார்?



பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள் சொல்வர். ஜார்ஜ் டவுனோடு திரும்பிவிடுபவர் பினாங்கின் முகத்தை மட்டுமே காண்கின்றார். மலையைக் கடந்து இப்புறம் வந்தால்தான் ஜாதிக்காய்த் தோட்டமும் நெல்வயலும் கண்ணிற்படும். இன்று நாம் பேசவிருப்பதும் ஒரு பின்புறத்தைப் பற்றியதே.

செயற்கை நுண்ணறிவிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்கின்றோம். அது சில வேளைகளில் கருவிச் சேவையகம் ஒன்றுக்கு மடல் எழுதி, வந்த மறுமொழியை நமக்கு உரைக்கின்றது. அம்மடல் போக்குவரத்துக்கு மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொதுநெறியை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மடல்கள் யாவும் ஜேசான் என்னும் வடிவில் அமைந்த வெறும் எழுத்துகளே. முதலில் அறிமுகம், அடுத்து, ‘உன்னிடமுள்ள கருவிகள் யாவை?’ என்னும் வினா. பின்னர், குறித்த கருவியை இயக்குமாறு வேண்டுதல்.

எழுத்தால் ஆன மடலை நாமும் எழுதலாமன்றோ? அதற்குரிய கருவி கர்ல். சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் இப்பெயரில் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கட்டளைவரியில் சேவையகத்தின் முகவரியையும் மடலையும் இட்டால், மறுமொழி இடைத்தரகரின்றி அப்படியே திரையில் வந்து நிற்கும்.

இதன் பயனை நாம் பட்டறிந்தோம். தோட்டப்புறத் தமிழ்ச் சொற்களைப் பல்லாண்டுகளாகத் தொகுத்து வருகின்றோம். இவ்வூர் இளைஞர் ஒருவர் அத்தொகுப்பைக் கருவிச் சேவையகமாக அமைத்துத் தந்தார். ‘ஆயாக்கொட்டகை’ என்னும் சொல்லைத் தேடுமாறு நுண்ணறிவைக் கேட்டோம். பால்மரம் வெட்டச் செல்லும் தாய்மார் விடியுமுன் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. ‘அச்சொல் தொகுப்பில் இல்லை’ என்று விடை வந்தது. அச்சொல்லை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதியவர்கள் நாமே.

கர்ல் வழியே நாமே மடல் அனுப்பினோம். தேடற்கருவி வெறுமையையே திருப்பித் தந்தது. நுண்ணறிவு பொய்யுரைக்கவில்லை. முழுப் பட்டியலையும் தருமாறு மற்றொரு கருவியை வேண்டினோம். அதில் ஆயாக்கொட்டகை இருந்தது!

காரணம் ‘கொ’ என்னும் எழுத்து. யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் இந்த ஏழெழுத்துச் சொல் யுடிஎப்-8 முறையில் முதல் வகையில் 36 பைட்டு, இரண்டாம் வகையில் 39 பைட்டு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட நம் கோப்பில் இரண்டாம் வகை இருந்தது; நுண்ணறிவு முதல் வகையில் தேடியது. இரண்டும் நிகரானவை என்பது யுனிகோடின் விதி. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றும் வரியை இளைஞர் சேர்த்தார். சொல் கிடைத்தது.

செய்துபார்க்க விழைவோர்க்குச் சில குறிப்புகள். தமிழைக் கட்டளைவரியில் நேரே தட்டச்சிடாது, யுடிஎப்-8 கோப்பில் எழுதி அக்கோப்பை அனுப்புதல் நன்று. அறிமுகத்தின்போது சேவையகம் அமர்வு எண் தந்தால், அடுத்த மடல்களிலும் அதனைக் குறித்தல் வேண்டும். மறுமொழியில் தமிழுக்கு மாறாகக் குறியெண்கள் தோன்றினால் அஞ்சற்க. அவை எழுத்துகளின் மாற்றுருவே. அழிக்கவும் திருத்தவும் வல்ல கருவிகளை விளையாட்டாக அழைத்தல் கூடாது. கர்ல் வழி அனுப்பினாலும் அவை மெய்யாகவே செயற்படும்.

உ.வே.சாமிநாதையர் ஓர் ஏட்டில் காணாத அடியைப் பிற ஏடுகளில் தேடினார். கையிலுள்ள ஏட்டில் இல்லாதது நூலிலேயே இல்லாததாகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். நம் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அவற்றின் சொற்கள் இனிப் பெரிதும் இத்தகைய தொகுப்புகளில்தான் வாழும். அவற்றை ‘இல்லை’ என்று ஒரு பொறி கூறுமாயின், அவ்விடை நுண்ணறிவினதா, சேவையகத்தினதா, தொகுப்பினதா என்று வினவுவோம். பின்புறம் சென்று பார்க்க வழி இருக்கின்றது.