எடைக்குப் போடும் முன்



சென்னையில் நான் பணியாற்றிய பள்ளியில் ஒருமுறை அறையை ஒழித்தபோது, பழைய ஆண்டு மலர்களை எடைக்குப் போட்டுவிட்டோம். கட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு மலர் மட்டும் தப்பியது. அதன் கடைசிப் பக்க விளம்பரத்தில் ‘மவுண்ட் ரோடு’ என்றிருந்தது. “அது எங்கே இருக்கு, சார்?” என்றாள் ஒரு மாணவி. இன்றைய அண்ணா சாலைதான் என்றேன். அன்றைய வகுப்பு முழுவதும் அந்தப் பக்கத்திலேயே ஓடியது: கடைகள், விலைகள், தெருப்பெயர்கள். பாடநூலில் இல்லாத ஊர் அதில் இருந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் கொண்ட அந்தச் சேகரிப்பிலிருந்தே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

நம்மாலும் தொடங்க முடியும். பள்ளி மலர், கோயில் விழா மலர், நாடக நோட்டீஸ் என வீட்டில் இருப்பதைப் பிள்ளைகள் கொண்டுவரட்டும். பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். அச்சகம், ஆண்டு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளில் கறையாகிவிடும்.

எடைக்குப் போனது திரும்பி வராது. அடுத்த முறை அலமாரியை ஒழிக்கும்போது, முதலில் புரட்டிப் பாருங்கள்.