கிரிப்டோ கொடுத்து கிஃப்ட் கார்டு: வீட்டுச் சாமானுக்கு இது சரிப்படுமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் மாடிப்படியில் நம் குடியிருப்புத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். கையில் பெரிய பார்சல். "சார், இப்போ வீட்டுச் சாமான் பாதி கிரிப்டோவிலதான் வாங்குறேன். காயினைக் கொடுத்து கிஃப்ட் கார்டு, கார்டைக் கொடுத்து சாமான். காயினை விற்கவே இல்லை, அதனால வரியும் இல்லை" என்றார். இது நாலு வீட்டுக்குப் பரவி, பென்ஷன் வாங்கும் இரண்டு பேர் "நாமும் செய்யலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் வங்கி கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் என்பதால், செயலாளர் என்னையே பேசச் சொல்லிவிட்டார்.

முதலில் இது நடக்கும் விதம். நம் காளையார்கோவில் மளிகைக் கடையில் பிட்காயினை நீட்டினால் வாங்க மாட்டார்கள். பெரிய ஆன்லைன் கடைகளும் நேராக வாங்குவதில்லை. ஆனால் அந்தக் கடைகளின் கிஃப்ட் கார்டை விற்கும் தளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் காயினை அனுப்புகிறீர்கள். அவர்கள் கார்டு எண்ணை அனுப்புகிறார்கள். நடுவில் இருப்பவர் காயினை வாங்கிக்கொள்கிறார். கடைக்கு வழக்கமான பணம்தான் போய்ச் சேருகிறது.

இது புதிதும் இல்லை. பிட்காயின் கொடுத்து வாங்கிய முதல் பொருள் என்று உலகமே சொல்லும் கதை, 2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயினுக்கு இரண்டு பீட்சா வாங்கியது. அதிலும் பீட்சா கடை பிட்காயினைக் கண்ணால் பார்க்கவில்லை. வேறு ஊர் இளைஞர் ஒருவர் காயினைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டு, கடைக்கு டாலரில் பணம் கட்டினார். நம் நாட்டில் பெங்களூரின் யுனோகாயின் நிறுவனம் 2021-இல் பீட்சா, காபி, ஐஸ்கிரீம் கடைகளின் வவுச்சர்களை பிட்காயினுக்குக் கொடுத்தது. எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடுதான்: நடுவில் ஒருவர்.

அப்படியென்றால், அந்த நடு ஆளிடம் நீங்கள் செய்தது என்ன? காயினை விற்றிருக்கிறீர்கள். கைக்கு வந்தது ரூபாய் நோட்டா, கார்டு எண்ணா என்பதை வருமான வரிச் சட்டம் பார்ப்பதில்லை. காயின் கை மாறினாலே அது கணக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி. அதன்மேல் 4 சதவீத செஸ். 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் சேர்ந்தது. கிஃப்ட் கார்டை கிரிப்டோ கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அரசு 2022 ஜூன் 30 அன்று அறிவித்தது உண்மைதான். அதனால் கார்டைச் செலவழிக்கும்போது இந்த வரி இல்லை. காயின் கொடுத்து அந்தக் கார்டை வாங்கும்போது வரி உண்டு. தம்பி குழம்பியது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கு போடுவோம். 3,000 ரூபாய்க்கு வாங்கிய காயின் இன்று 5,000 ரூபாய் பெறுகிறது. அதைக் கொடுத்து 5,000 ரூபாய் கார்டு வாங்குகிறீர்கள். லாபம் 2,000. வரி 600, செஸ் 24, ஆக 624 ரூபாய். இன்னொரு காயினில் 2,000 ரூபாய் நஷ்டம் வந்திருந்தால் கழிக்கலாமா? முடியாது. இந்த லாபத்தில் அந்த நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தூக்கிப் போகவும் முடியாது. கட்டணத்தையும் கழிக்க விடமாட்டார்கள். வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம். மாதம் இரண்டு கார்டு என்றால் வருஷத்துக்கு 24 விற்பனை. ஒவ்வொன்றுக்கும் தேதி, வாங்கிய விலை, கொடுத்த விலை எழுதி வைக்க வேண்டும்.

பென்ஷன்காரர்கள் இதைக் கவனியுங்கள். "எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லையே" என்று நினைக்க வேண்டாம். அடிப்படை விலக்கு வரம்பை இந்த லாபத்துக்குப் பயன்படுத்த முடியாது. முதல் ரூபாயிலிருந்தே வரி. நீங்கள் வழக்கமாகப் போடும் 'சகஜ்' படிவமும் செல்லாது. ஒரே ஒரு கார்டுக்காகப் பெரிய படிவத்துக்குப் போய், ஆடிட்டருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

அடுத்து, பணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. நாம் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்கள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ரங்கூனில் பணம் கட்டி, உண்டியல் எழுதி வாங்கி, இங்கே மாற்றிக்கொண்ட காலம் உண்டு. அந்தத் துண்டுக் காகிதத்துக்கு மதிப்பு வந்தது, எழுதியவர் யார், மாற்றித் தருபவர் யார் என்று ஊருக்கே தெரியும் என்பதால். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. எந்த ஊரில் கொடுத்தாலும் எந்த ஊரில் போய்க் கேட்கலாம் என்பது தெளிவாக இருந்தது. கிஃப்ட் கார்டு விற்கும் வெளிநாட்டுத் தளத்தில் கார்டு எண் வேலை செய்யவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? காயினைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் திருப்பித் தர எந்த மேலாளரும் இல்லை.

உள்நாட்டு நிறுவனம் என்றாலும் கவனம் வேண்டும். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போயின. சென்னையில் ஒருவர் வைத்திருந்தது திருடுபோன காயினே இல்லை. இருந்தும் அவர் கணக்கும் முடங்கியது. அவர் வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான், ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக் கூடியதுதான் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் அரிசி பருப்புக்கு வைத்த பணத்துக்காக நீதிமன்றப் படி ஏற நம்மில் எத்தனை பேரால் முடியும்?

இன்னொரு ஆபத்து. கார்டு வாங்கக் காயின் வேண்டுமே என்று, டெலிகிராமில் அறிமுகமான ஆளிடம் வாங்குவது, விற்பது. நீங்கள் விற்ற காயினுக்கு வந்த பணம், எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், வேறு மாநில சைபர் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கலாம். பென்ஷன் வரும் கணக்கும் அதுவாக இருந்தால் அந்த மாதம் வீடு எப்படி ஓடும்? 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத இடத்தில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.

இதோடு ஒரு எச்சரிக்கை. போனில் யாராவது "போலீஸ் பேசுறோம், மின் வாரியம் பேசுறோம், கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்புங்க" என்றால் அது மோசடி. எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது. கார்டு எண் என்பது கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி. சொன்ன நிமிஷமே போய்விடும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

முடிவாக நான் சொல்வது இதுதான். கிரிப்டோவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வைத்திருப்பதும் வாங்குவதும் சட்டவிரோதம் இல்லை. ஆனால் மாதாந்திரச் சாமானுக்காகப் புதிதாகக் காயின் வாங்கி, கார்டாக்கி, பிறகு செலவு செய்வதில் லாபம் இல்லை. ரூபாயைச் சுற்றி வளைத்து மறுபடி ரூபாயாக்க மூன்று பேருக்குக் கட்டணம் கொடுக்கிறோம். ஏற்கெனவே காயின் இருப்பவர்கள், பதிவு பெற்ற இந்தியத் தளத்தில் விற்று, பணத்தை வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள். கார்டுதான் வேண்டும் என்றால் தேவைக்கு ஒன்று, வாங்கிய அன்றே செலவு, நோட்டில் ஒரு வரி.

அந்தத் தம்பி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அவருடைய மின்னஞ்சல்களைப் பார்த்தோம். இந்த நிதியாண்டில் மட்டும் பதினான்கு கார்டுகள். எல்லாவற்றையும் தேதியோடு எழுதியாயிற்று. இந்த வருஷக் கணக்கில் காட்டப் போகிறார். "வரி போச்சே சார்" என்றார். "போகட்டும் தம்பி, ராத்திரி தூக்கம் வரும்" என்றேன்.

சந்தேகம் இருப்பவர்கள் மாலையில் எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வாருங்கள். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். காபி நான் தருகிறேன்.